இருபத்தாறு வயதில் அப்பா வேடம்

திருகோணமலைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் நடித்த மூன்று குறும்படங்களிலும் எனக்கு அப்பா வேடம்தான் தந்தார்கள். வயது இருபத்தாறு. முகவெட்டு அப்படி என்கிறார்கள். டெல்லி கணேஷ் நானூறு படத்துக்கு மேல் நடித்தும் ஒரு தரம்கூட ஹீரோ ஆகவில்லையே. மெட்டி ஒலியில் அப்பாவாக வந்து எவ்வளவு அழவைத்தார், அவருக்கே அந்தக் கதி. நானும் அப்படியே நின்றுவிடுவேனா? அப்பா வேடத்துக்குத் தலைக்குப் பவுடர் பூசலாமா?"

கேள்வி டெல்லி கணேஷைப் பற்றியது போலத் தெரிந்தாலும் தம்பியின் கவலை வேறு. குணச்சித்திர நடிகன் என்பவன் கதாநாயகன் ஆக முடியாமல் போனவனா, இல்லை அது தனியான ஒரு தொழிலா என்பதுதான் அவர் கேட்பது. நான் சென்னை ஸ்டூடியோ எதற்குள்ளும் கால் வைத்ததில்லை. நாடகமும் அரங்கியலும் பாடத்தை இருபத்தெட்டு வருடம் படிப்பித்தவன். பாடசாலைகளுக்கு இடையே நடக்கும் தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைப் பழக்கி மேடையேற்றியவன். கமராவுக்கு முன்னால் நின்ற நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆகவே நடிப்பைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். சினிமாத் தொழிலின் உள்விவகாரங்களைப் பற்றிச் சொல்வதைப் பார்வையாளன் ஒருவனின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு திருத்தம். மெட்டி ஒலியில் ஐந்து பெண்களைப் பெற்ற சிதம்பரமாக வந்தவர் டெல்லி குமார். பெயரில் டெல்லி இருப்பதால் இரண்டு பேரையும் மாற்றிச் சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் குறைவு, என் வீடு உட்பட. இரண்டாவது, டெல்லி கணேஷ் கதாநாயகனாக நடித்திருக்கிறார். 1981ல் வந்த 'எங்கம்மா மகாராணி'. நீங்கள் அந்தப் பெயரைக் கேள்விப்படாமல் இருப்பதே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில். ஹீரோவாக வந்து போனதால் அவருக்கு ஒன்றும் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதே 1981ல் வந்த பாலசந்தரின் '47 நாட்கள்' படத்தில் சிரஞ்சீவிக்குத் தமிழில் குரல் கொடுத்தவரும் அவர்தான். நாயகனின் முகம் ஒருவருடையது, குரல் இவருடையது. அதையும் ஒரு வேலையாகச் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறார்.

அவர் வந்த வழியைப் பாருங்கள். 1944ல் வல்லநாட்டில் பிறந்தவர். 1964 முதல் பத்து வருடம் விமானப்படையில் இருந்தார். (எங்கள் ஊரில் விமானப்படை என்றதும் சீனக்குடாதான் நினைவுக்கு வரும். இவர் இருந்தது இந்திய விமானப்படை.) டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் மேடை நடிப்பு. 1977ல் வந்த 'பட்டினப் பிரவேசம்' படத்தில் பாலசந்தர் அவரைத் திரைக்குக் கொண்டுவந்து, பெயருக்கு முன்னால் டெல்லியையும் சேர்த்துவிட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டோ மூன்றோ. உங்களைவிட ஆறேழு வயது கூட. அந்த வயதில் வருகிறவர் சைக்கிளில் போகும் கதாநாயகியைத் துரத்திக்கொண்டு ஓடும் வேலைக்கு வரவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் பத்து வருடம் காலையில் எழுந்து சீருடை போட்டு வரிசையில் நின்ற மனிதருக்கு, சொன்ன நேரத்துக்கு வருவதும் சொன்ன இடத்தில் நிற்பதும் உடம்பில் ஊறியிருக்கும் என்பது ஊகமல்ல. மேடையில் பிள்ளைகளைப் பழக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன், திறமைசாலிகள் நிறைய வருவார்கள். நேரத்துக்கு வருகிற திறமைசாலிக்குத்தான் அடுத்த நாடகத்திலும் வேடம் கிடைக்கும்.

இனி அப்பா வேடம். 1979ல் துரை இயக்கிய 'பசி'. ஷோபாவுக்கு இந்தியாவின் தேசிய விருது வாங்கித் தந்த படம். அதில் குப்பம்மாவாக வரும் ஷோபாவின் அப்பா, ரிக்‌ஷா இழுக்கும் முனியாண்டி, டெல்லி கணேஷ். வயது முப்பத்தைந்து. வளர்ந்த பெண்ணுக்கு அப்பா. அந்த வேடத்துக்குத் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிறப்புப் பரிசு கொடுத்தது. இன்னும் பின்னால் போனால் வி. கே. ராமசாமி இருக்கிறார். 1947ல் 'நாம் இருவர்' வந்தபோது அவருக்கு இருபத்தொரு வயது, நடித்தது கிழவர் வேடம். அதன் பிறகு ஐம்பது வருடத்துக்கு மேல் தமிழ் சினிமா அவரை விடவில்லை. இருபத்தொரு வயதில் தொடங்கிய கிழவருக்கு உண்மையான கிழவயது வந்தபோது வேடம் போடும் வேலை மிச்சம், அவ்வளவுதான். உங்களுக்கு இருபத்தாறு. ஐந்து வருடம் பிந்திவிட்டீர்கள்.

சரி, விளையாட்டை விடுவோம். நான் சொல்ல வந்த ஒரே ஒரு விஷயத்துக்கு வருகிறேன். டெல்லி கணேஷின் நல்ல வேடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள். முனியாண்டி ரிக்‌ஷாக்காரர். 'சிந்து பைரவி'யில் (1985) குடித்துவிட்டு வந்ததால் கச்சேரியிலிருந்து விலக்கப்படும் மிருதங்க வித்துவான் குருமூர்த்தி. 'மைக்கேல் மதன காமராஜ'னில் (1990) சமையற்காரர் பாலக்காட்டு மணி ஐயர். 'தெனாலி'யில் (2000) மனநல மருத்துவர் பஞ்சபூதம். இவர்களில் யாருடைய வயதாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இல்லை. எல்லாருடைய தொழிலும் நினைவிருக்கிறது. அவர் வயதை நடிக்கவில்லை, தொழிலை நடித்தார். முப்பத்தைந்து வயதில் அப்பாவாக நின்றபோது பார்க்கிறவர்கள் நம்பியது அவர் கூனிக் குறுகி நடந்ததால் அல்ல. ரிக்‌ஷா இழுத்துக் களைத்த உடம்பு எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததால்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு தமிழ்த்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கினேன். கதையில் ஒரு வயதான பாதைக்காரர். கிண்ணியாப் பக்கம் போய்வந்தவர்களுக்குப் பாதை என்றால் தெரியும். வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவை. 2009ல் பாலம் திறந்த பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம்தான் தெரியும். அந்த வேடத்துக்கு வந்த பதினாறு வயதுப் பெடியன் நல்ல கெட்டிக்காரன். முதுகை வளைத்தான், கையை நடுக்கினான், ஒவ்வொரு வசனத்துக்கும் இடையில் இருமினான். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு போய்த் துறையில் விட்டேன். "அங்கே கயிறு எறிகிற ஐயாவைப் பார். ஒன்றும் எழுதாதே, பார்" என்றேன்.

அந்த ஐயாவுக்கு எழுபது இருக்கும். முதுகு நேர். கயிற்றை எறிந்தால் போய் விழவேண்டிய கட்டையில்தான் விழும். குரல் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கேட்கும். வயது எங்கே தெரிந்தது என்றால், அவர் உட்காரும்போது. உட்காருவதற்கு முன் கை பின்னால் போய்ப் பலகையைத் தடவி, இருக்கிறது என்று உறுதிசெய்த பிறகுதான் உடம்பு இறங்கியது. நாள் முழுக்க அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் எழுபது வயது வெளியே வந்தது. பெடியன் அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். மேடையில் நாடகம் முழுவதும் நிமிர்ந்து நின்றான், ஒரே ஒரு தரம் உட்கார்ந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. மாவட்ட மட்டத்தில் இரண்டாம் இடம்தான் கிடைத்தது. நடுவர் ஒருவர், கிழவர் கிழவராகத் தெரியவில்லை என்று குறிப்பு எழுதியிருந்தார். நான் இன்றுவரை பெடியன் பக்கம்தான்.

அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில் ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து விடிய விடிய மூன்று படம் பார்ப்பது வழக்கம். 'மைக்கேல் மதன காமராஜன்' அப்படிப் பார்த்ததுதான். முதல் தரம் எல்லாரையும் போலக் கமலைப் பார்த்தேன். நான்கு கமல், கண்ணை எடுக்க முடியுமா? மூன்றாவது தரமோ நான்காவது தரமோ பார்த்தபோதுதான் மணி ஐயரைப் பார்க்கத் தொடங்கினேன். கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட பிறகு அப்பனும் மகனாக வரும் கமலும் படும் பாடு இருக்கிறதே, அதில் சிரிப்பு வசனத்தில் பாதி, மணி ஐயர் முகத்தில் பாதி. கிரேசி மோகனின் வசனம் சொல்லோடு சொல் உரசிப் பொறி பறக்கிற வகை. அப்படியான வசனத்துக்கு எதிரில் நிற்பவர் ஒரு நொடி முந்தினாலும் பகிடி செத்துவிடும், பிந்தினாலும் செத்துவிடும். அதிலும் பேச்சு முழுக்கப் பாலக்காட்டுத் தமிழ். பதினொரு வருடத்துக்கு முன் 'பசி'யில் சென்னைச் சேரித் தமிழ் பேசிய அதே நாக்கு. முந்தின வருடம் 'அபூர்வ சகோதரர்க'ளில் இதே கமலுக்கு எதிராக நின்ற நான்கு வில்லன்களில் ஒருவரும் இவர்தான். இன்னொரு வேடிக்கை, பாலக்காட்டு மணி ஐயர் என்பது உண்மையில் மிருதங்கத்தில் கொடிகட்டிப் பறந்த மேதையின் பெயர். ஐந்து வருடத்துக்கு முன் மிருதங்க வித்துவானாக நடித்தவருக்கே அந்தப் பெயரைச் சமையற்காரராக்கிக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வருகிறது.

மிருதங்கம் என்றதும் உங்கள் கேள்வி திரும்ப வருகிறது. கச்சேரியில் மிருதங்கம் வாசிக்கிறவரைப் பார்த்து, பாவம், பாட்டுக்காரராக முடியாமல் போய்விட்டார் என்று யாராவது சொல்வார்களா? பாடுகிறவர் எங்கே மூச்சு எடுப்பார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். 'சிந்து பைரவி'யில் குருமூர்த்தியை வெளியே அனுப்பிவிட்டு மிருதங்கம் இல்லாமலே பாடுகிறார் கதாநாயகனான பாடகர் ஜே.கே.பி. பாடிவிடலாம்தான். ஆனால் கதை எங்கே போகிறது என்று பாருங்கள். பிறகு அதே குடியில் விழுகிறவர் ஜே.கே.பி. குருமூர்த்தி கொஞ்ச நேரம்தான் வருகிறார். அந்தக் கொஞ்சத்தை ஒழுங்காகச் செய்யாவிட்டால் நாயகனின் வீழ்ச்சிக்கு அளவுகோல் இல்லாமல் போய்விடும்.

தொலைக்காட்சியைப் பற்றியும் ஒரு சொல். டெல்லி கணேஷ் சின்னத்திரையிலும் நடித்தார், கடைசிக் காலத்தில் இணையக் குறும்படங்களுக்கும் வந்தார். பேட்மேன் சென்னைக்காரனாக இருந்தால் எப்படி என்று இளைஞர்கள் எடுத்த ஒரு பகிடிப் படத்தில் வேலைக்காரர் ஆல்ஃப்ரெட்டாக வருவார். பேரப்பிள்ளைகள் வயதுக்காரரோடு போய் அப்படி நிற்க ஒரு மனது வேண்டும். சினிமாவில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று நிமிடக் காட்சி எடுத்தால் பெரிய விஷயம். சீரியலில் அந்த அவகாசம் கிடையாது, பக்கம் பக்கமாக எடுத்துத் தள்ள வேண்டும். பக்கத்தில் நின்று ஒருவர் வசனத்தை எடுத்துக் கொடுக்க, நடிகர் அதைக் கேட்டுச் சொல்லும் வழக்கமும் உண்டு. அந்த அவசரத்தில் மேடையில் பழகியவருக்கு இரண்டு லாபம்: மனப்பாடம் ஒன்று, மற்றவர் பேசும்போது சும்மா இருக்கத் தெரிவது இன்னொன்று. புதிதாக வருகிறவர்கள் தங்கள் வசனம் வரும்வரை காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பு கமராவில் அப்பட்டமாகத் தெரியும். மெட்டி ஒலியில் டெல்லி குமார் மகள்மாரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கும் காட்சிகளை மறுபடி பாருங்கள். நீங்கள் ஆள் மாறி நினைத்ததாலும் ஒரு நன்மை, இரண்டு நல்ல அப்பாக்களைச் சேர்த்துப் படிக்கலாம்.

அதிர்ஷ்டத்தின் பங்கு எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதை மறைத்தால் நான் பொய் சொன்னதாகிவிடும். பாலசந்தர் கண்ணில் படாமல் இருந்திருந்தால்? 'நாயகன்', 'அவ்வை சண்முகி', 'தெனாலி' என்று கமல் படங்களில் திரும்பத் திரும்ப இடம் கிடைக்காமல் இருந்திருந்தால்? மேடையில் அவரளவு கெட்டிக்காரர்கள் டெல்லியிலும் சென்னையிலும் இருந்திருப்பார்கள், அவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு தரம் கூப்பிடுவதற்கு அதிர்ஷ்டம் போதும், இருபதாவது தரம் கூப்பிடுவதற்கு அது போதாது என்பது என் அபிப்பிராயம். நிரூபிக்கச் சொன்னால் என்னால் முடியாது.

நம் நாட்டுக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் இருப்பது கோடம்பாக்கத்தில் அல்ல. இலங்கைத் தமிழ் சினிமாவில் நடித்து மட்டும் குடும்பம் நடத்திய குணச்சித்திர நடிகரை எனக்குத் தெரியாது. இங்கே நடிகர்களை வளர்த்தது வானொலி. ராமதாஸ், ராஜகோபால், செல்வசேகரன், அப்துல் ஹமீத் ஆகியோர் வானொலியில் நடத்திய 'கோமாளிகளின் கும்மாளம்' அவ்வளவு பேர் பெற்றதால்தான் 1976ல் 'கோமாளிகள்' என்று படமாக வந்தது. வானொலியில் முகம் தெரியாது, வயது தெரியாது. குரலையும் பேச்சு வழக்கையும் வைத்தே ஆளைக் காட்ட வேண்டும். கே. எஸ். பாலச்சந்திரன் தனியாளாக நின்று ஒரு பஸ் நடத்துனரை நடித்துக் காட்டிய 'அண்ணை றைற்' இன்றும் ஆட்களுக்கு மனப்பாடம். திரும்பவும் பாருங்கள், அதிலும் ஒரு தொழில்.

சிங்களத்தில் ஜோ அபேவிக்ரம. நகைச்சுவை நடிகராகத் தொடங்கியவர். பிரசன்ன விதானகேயின் 'புரஹந்த களுவர' படத்தில், போரில் செத்துப்போனான் என்று மூடிய பெட்டியில் மகனை அனுப்பியதை நம்ப மறுக்கும் கண் தெரியாத தகப்பன். அந்த வேடத்துக்கு 1999ல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். சிங்களம் விளங்காவிட்டாலும் பாருங்கள். பிள்ளைக்காகக் காத்திருக்கும் தகப்பன்மாரை நாங்கள் எங்கள் ஒழுங்கைகளிலேயே பார்த்திருக்கிறோம். அந்த முகத்துக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம்.

ஆகவே நடைமுறைக்கு என் அறிவுரை இது. இருக்கிற வேலையை விடாதீர்கள். டெல்லி கணேஷும் சம்பளம் வந்த காலத்தில்தான் நாடகம் பழகினார். அப்பா வேடம் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் ஏற்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த அப்பா என்ன வேலை செய்கிறார்? இயக்குநரிடம் பதில் இல்லாவிட்டால் அவர் அப்பாவை யோசிக்கவே இல்லை, கதிரையை நிரப்ப ஆள் தேடுகிறார். ஒன்றில் நீங்கள் ஒரு தொழிலைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் மரியாதையாக விலகிவிடுங்கள். காசையும் முதலிலேயே பேசுங்கள். நான் நடித்த ஒரு குறும்படத்தில் இரண்டு நாள் வேலைக்குக் கிடைத்தது ஒரு கொத்துரொட்டியும் பஸ் காசும். படத்தை இன்னும் எனக்குக் காட்டவில்லை. அதில் நானும் அப்பாதான், என்ன வேலை செய்கிற அப்பா என்று கேட்க மறந்துவிட்டேன்.

பவுடர் வேண்டாம், தம்பி. மேடையில் பத்தாவது வரிசைக்குத்தான் அது நரை. கமராவுக்கு அது பவுடராகவேதான் தெரியும். எங்கள் ஊர் வெயிலில் பத்து மணிக்குள் வேர்வையோடு கரைந்து காதோரம் வெள்ளைக் கோடாக இறங்கிவிடும், அப்புறம் அடுத்த காட்சிக்கு முந்தின காட்சியோடு பொருந்தவும் செய்யாது. தலைமயிரை அப்படியே விட்டுவிட்டு, எங்கே எப்படி உட்காரப் போகிறீர்கள் என்று யோசியுங்கள்.